சட்டைப் பையில் இருந்த தரிசனக் கடிதம்

பழிவாங்குவதற்காக ஒரு மனிதரைச் சாமி கும்பிட அனுப்பிவைத்தவன் நான். எழுதிப் பார்க்கும்போது இன்னும் கேவலமாகத் தெரிகிறது. வயது ஐம்பத்தொன்று. பெயருக்கு முன்னால் கேப்டன் என்று ஒரு பட்டம். நூற்றெண்பது பேரை முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோய், காபி கொடுத்து, பத்திரமாகக் கீழே இறக்கிய அனுபவம் இருபது வருடத்துக்கு மேல். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள். அவற்றில் பாதியாவது மன்னிப்பைப் பற்றியவை. இத்தனையும் இருந்து, எனக்குக் கெடுதல் செய்த ஒருவரை வதைக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி, அவரை ஏழுமலையான் சந்நிதிக்கு அனுப்புவது.

அவர் எங்கள் விமானக் கம்பெனியின் செயல்பாட்டுத் தலைவர். எந்த விமானி எங்கே பறப்பது, எவன் வீட்டில் இருப்பது என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். நான் துணை விமானியாக இருந்தபோது அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் தொழில் கற்றேன். சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவி செய்த கத்தரிக்காய் காரக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கொரோனா வந்து, விமானங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி எஞ்சின் வாயை மூடிக் கட்டிய காலத்தில், அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சம்பளமில்லாத விடுப்பு. ‘நிலைமை சீரானதும் தாங்கள் அழைக்கப்படுவீர்கள். அதுவரை பொறுமையுடன் காத்திருக்கவும்.’

நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரு நீண்ட வாட்ஸப் செய்தி எழுதினேன். வீட்டுக் கடன், பெண்ணின் கல்லூரி, பழைய நட்பு, கொஞ்சம் காரக்குழம்பு எல்லாம் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன் இரண்டு முறை திருத்தினேன். மறுநாள் பதில் வந்தது. ஒரு மஞ்சள் கட்டைவிரல். அவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்தக் கட்டைவிரலை நான் மூன்று வருடம் மறக்கவில்லை.

சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சித்தூருக்கு வந்தோம். என் மனைவியின் தம்பிக்கு ஊருக்கு வெளியே மாங்கூழ் ஆலை இருக்கிறது. சீசனில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் ஒரு மைல் தூரம் நிற்கும். யார் முதலில் உள்ளே வருவது என்று டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. “மாமா, வானத்துல பண்ணத தரையில பண்ணப் போறீங்க, அவ்ளோதான்” என்றான் மச்சான். விவசாயிகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “கேப்டன் காரு, மா பண்டி எப்புடு லேண்டிங்?” என்று தெலுங்கில் கேட்டுவிட்டு நாலு பேர் சேர்ந்து சிரிப்பார்கள். எங்கள் டிராக்டர் எப்போது தரையிறங்கும் என்று அர்த்தம். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

வெதுருகுப்பத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “மூணு நாளா கூப்புடுவோம் கூப்புடுவோம்னு சொல்லிக்கினு கீறீங்க. காயி பழமாயி, பழம் அழுவிப்போயி ஈ மொய்க்குது சார். எப்பதான் கூப்புடுவீங்க?” என்றார். நான் பயணிகளிடம் மேகக்கூட்டத்தைப் பற்றி அறிவிக்கும் அந்த நிதானமான குரலில், “கொஞ்சம் பொறுமையா காத்திருங்க” என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அதற்கும் சேர்த்து செயல்பாட்டுத் தலைவர்மேல்தான் கோபம் வந்தது.

அந்த மூன்று வருடமும் மனதுக்குள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். என்றைக்காவது திரும்ப அழைப்பார்கள். அன்றைக்கு மறுக்க வேண்டும். எப்படி மறுப்பது என்பதுதான் கடிதம். குளிக்கும்போது ஒரு பத்தி, ஆலை வாசலில் ஒரு பத்தி. நான்கு பக்கம் தேறியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பறக்கத் தகுதி உள்ளவன் மறுத்தால்தான் அது மறுப்பு. தகுதி இழந்தவன் மறுத்தால் அதற்குப் பெயர் வேறு. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சென்னைக்குப் போய் விமானிகளுக்கான மருத்துவச் சோதனையை ரகசியமாக முடித்துக்கொண்டு வருவேன். “எத்தினி பல்லுதான் இருக்குது உங்களுக்கு?” என்று மனைவி ஒரு முறை கேட்டாள்.

கடைசியில் அழைப்பு வந்தது. பதினான்கு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ, பணிமூப்புப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். எங்கள் தொழிலில் அந்தப் பட்டியல்தான் எல்லாம். எவன் முன்னால் சேர்ந்தானோ அவனுக்கே நல்ல விமானம், நல்ல வழித்தடம், தீபாவளிக்கு லீவு. ஒரு முறை விட்டுவிட்டால், பிறகு எங்கே போனாலும் முந்தாநாள் மீசை முளைத்தவனுக்குப் பின்னால் கடைசியில்தான் நிற்க வேண்டும். இன்னும் பதினான்கு வருடம் பறக்கலாம். அதை ஒரு கட்டைவிரலுக்காகத் தூக்கி எறிவதா?

“போறீங்களா இல்லியா?” என்றாள் மனைவி.

“யோசிக்கிறேன்.”

“யோசிங்க. ஆனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு வாரம் தவறாம அந்த யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கினு யோசிக்காதீங்க. கரன்ட்டு பில்லு ஏறுது.”

அதே வாரத்தில்தான் அவர் போன் செய்தார். மூன்று வருடம் போனை எடுக்காதவர். “கேப்டன், எப்படி இருக்கீங்க? நீங்க திருப்பதிப் பக்கம்தானே? மலையில ஒரு தரிசனத்துக்கு ஏற்பாடு பண்ண முடியுமா?”

திருப்பதியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவனுக்கு இது பழக்கமான விஷயம்தான். பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவன், ரயிலில் எதிர் சீட்டில் வந்தவன், எல்லோருக்கும் திடீரென்று நம் ஞாபகம் வரும். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வாங்கிக் கொடுத்தால், சீக்கிரம் தரிசனம் முடித்துக்கொண்டு போவார்கள். லட்டு கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆனால் இவர் கேட்டபோது எனக்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது: அழைப்பு அனுப்பியதே இதற்காகத்தான். உள்ளங்கை வேர்த்தது. சந்தோஷத்தில்.

திட்டம் எளிமையானது. முதலில் அவரைக் காத்திருக்கவைப்பது. பிறகு நேருக்கு நேர் மறுப்பது. மச்சானிடம் சொன்னேன், இரண்டே நாளில் கடிதத்தோடு வந்தான். “மாமா, ஆறு பேருக்கு வாங்கிக்கினு வந்துட்டேன். அவரோட நீங்க, அக்கா எல்லாரும் போயிட்டு வாங்க.” கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தலைவரிடம், “சார், கடிதம் கிடைக்கல. இலவச வரிசைதான்” என்று சொல்லிவிட்டேன். கடிதம் என் நெஞ்சோடு ஒட்டி இருப்பதும், அவர் அது இல்லாமல் நிற்பதும், இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்தான் எனக்கு ருசி.

பதின்மூன்றாம் நாள், கூட்டம் மிகுந்த ஒரு சனிக்கிழமை, விடிவதற்குள் சித்தூரிலிருந்து கிளம்பினேன். பாகாலா தாண்டும்வரை நான்கு பக்கக் கடிதத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். திருப்பதி ரயில் நிலைய வாசலில் அவர் வேட்டியில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தலையில் சாயம் இல்லை. மலைமேல் வரிசை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் தன்னுடையதை என்னிடம் கொடுத்தார்.

“எவ்வளவு நேரம் ஆகும், கேப்டன்?”

“உள்ள ஒரு கூடத்துல உட்கார வைப்பாங்க சார். கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் பொறுமையா காத்திருங்க.”

மூன்று வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம். பிசிறில்லாமல் வந்தது.

முதல் இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையின் சிறந்த நேரங்களில் சேரும். மூன்று இட்லி, ஒரு தோசை, இரண்டு காபி. இப்போது கால் மரத்திருக்கும், இப்போது கடிகாரத்தைப் பார்த்திருப்பார், இப்போது பக்கத்துக் குழந்தை அவர் வேட்டியில் பாலைக் கொட்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்து மகிழ்ந்தேன். நான்காவது மணி நேரத்தில் நிழல் நகர்ந்து நான் உட்கார்ந்திருந்த சிமென்ட் பெஞ்சில் வெயில் ஏறியது. ஆறாவது மணி நேரத்தில் ஒரு விஷயம் புலப்பட்டது. அவரைத் திரும்ப ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டியவன் நான்தான். அவர் காத்திருக்கும் நேரம் முழுவதும் நானும் காத்திருக்கிறேன். அவருக்காவது உள்ளே மின்விசிறி, பால், உப்புமா உண்டு. எனக்குச் சிமென்ட் பெஞ்சு. விமானம் ஏறுவதற்கு முன் எரிபொருள், வானிலை, மாற்று விமான நிலையம் என எல்லாவற்றையும் கணக்கிடும் தொழிலில் இருபது வருடம் இருந்தவனுக்கு இது ஏன் முன்கூட்டியே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அவருடைய போன் அடிக்கவே இல்லை. ஒரு காலத்தில் அந்த மனிதரின் போன் சாப்பாட்டு மேஜையில் துள்ளிக்கொண்டே இருக்கும். அணைத்து வைத்திருக்கிறாரோ என்று எடுத்துப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது. பத்து மணி நேரத்தில் ஓர் அழைப்புகூட இல்லை.

சாயங்காலம் வெளியே வந்தார். சோர்ந்து, வெந்து, நொந்து வருவார் என்று எதிர்பார்த்த எனக்கு, முகமெல்லாம் ஒளியாக ஒருவர் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேப்டன், நான் எப்பவும் கடிதத்துல வந்து பத்து நிமிஷத்துல போற ஆளு. இன்னிக்குத்தான் சாமியப் பார்த்தேன். பலமனேர்ல இருந்து ஒரு குடும்பம், மாடு வச்சிருக்காங்களாம். அவங்க கட்டிட்டு வந்த சோத்துல எனக்கும் ஒரு பங்கு கொடுத்தாங்க. நீ யாரு, என்ன வேலைன்னு ஒருத்தர் கேட்கல. எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீங்க நினைச்சிருந்தா கடிதம் வாங்கியிருக்கலாம். வேணும்னுதான் வாங்கலைன்னு எனக்குத் தெரியும்.”

மாட்டிக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் நன்றியோடுதான் சொல்கிறார் என்று புரிந்த பிறகு இன்னும் மோசமாக இருந்தது.

சட்டைப் பையில் கடிதம் வியர்வையில் ஊறிக் கிடந்தது. மலைப்பாதையில் இறங்கும்போது, நான்கு பக்கத்தையும் தொண்டையில் திரட்டி, “சார், நீங்க அனுப்பின அழைப்பு கிடைச்சுது” என்று தொடங்கினேன்.

“நானா?” அவர் திரும்பிப் பார்த்தார். “நான் எங்க அனுப்பினேன்? உங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பின நாலாவது மாசம் என்னையும் அனுப்பிட்டாங்க. நான் எழுதின அதே மெயில், கேப்டன். கீழ கையெழுத்து மட்டும் வேற.” கொண்டை ஊசி வளைவில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “அழைப்பெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே வரிசைப்படி அனுப்புதுன்னு சொன்னாங்க. போறீங்கல்ல? போங்க. போனா, அங்க என் பேரைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்க. பயிற்சி கொடுக்கிற வேலை ஏதாவது இருந்தாலும் பரவாயில்ல. அதுக்குத்தான் இன்னிக்கு வேண்டிக்கிட்டு வந்தேன்.”

நான்கு பக்கமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. முழு வாழ்க்கையில் நான் அடித்திருக்கக்கூடிய ஒரே அடி. அடிக்கக் கை ஓங்கியபோது அவர் ஏற்கனவே கீழே கிடந்தார். அதற்காக இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஏமாந்துபோன ஆத்திரம்தான் வந்தது.

வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டதும் மனைவி பையைத் துழாவிக் கடிதத்தை எடுத்தாள். விரித்துப் படித்தாள். “இதுல எம்பேரும் கீது” என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“அவரு பத்து மணி நேரம் உள்ள ஒக்காந்து சாமியப் பாத்துட்டு வந்தாரு. நீங்க பத்து மணி நேரம் வெளிய ஒக்காந்து இன்னாத்தப் பாத்தீங்க?”

மறுநாள் காலை, கடைசி நாள், அழைப்பில் இருந்த இணைப்பைத் திறந்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. ஏற்கிறேன். மறுக்கிறேன். காரணம் எழுத இடம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. மறுத்தால் யாருக்காவது வலிக்க வேண்டும். அங்கே வலிக்க ஆளே இல்லை. நான் மறுத்த அடுத்த நொடி அந்த இயந்திரம் எனக்குக் கீழே இருப்பவனை ஒரு படி மேலே தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கும். முதல் கட்டத்தைத் தட்டினேன். வெதுருகுப்பத்துக்காரர் பெயரை அடுத்த சீசன் டோக்கன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பறக்கத் தொடங்கி ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நீளமானது. மகனின் படிப்பு, பழைய நட்பு, காரக்குழம்புகூட இருந்தது. இரண்டு முறை திருத்தியிருப்பார் என்று பார்த்தாலே தெரிந்தது. விமானி அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். பிறகு, மூன்று வருடம் காத்திருந்த சுகத்தோடு, ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

“ரொம்ப நன்றி கேப்டன். இருபத்தேழு பேருக்கு அனுப்பினேன். பதில் போட்டது நீங்க ஒருத்தர்தான்.”