எந்தப் பக்கமும் சேராத வீடு

தமுக்கு அடிப்பவர் எங்கள் தெருமுனைக்கு வந்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. கரியமாணிக்கத்தில் பிறந்த நான், வில்லியனூருக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது தலைதீபாவளிகூட ஆகவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். வரி, அம்மை குத்துவது, மதகு திறப்பது என்று எதற்கும் தமுக்குதான். அன்றைய செய்தி மட்டும் ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எஸ்பாஞ் என்றொரு தேசமாம். ஸ்பெயினை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே சொந்த ஜனங்களே இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொள்கிறார்களாம். நம் சர்க்கார் எந்தப் பக்கமும் சேராதாம். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட எவனும் அந்தச் சண்டைக்குப் போகக்கூடாது, ஆளும் அனுப்பக்கூடாது, மீறினால் தண்டனையாம். "கரும்பு வெட்டவே ஆள் ஆப்புடல, எஸ்பாஞ்சுக்கு எவன்டா போவப் போறான்?" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தமுக்குக்காரர் எதிரில் போய் நின்றாள். "போவக் கூடாதுன்னு சொல்றியேப்பா, முன்னாடியே போய்ட்டவங்களுக்கு இன்னா சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள். பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது அவ்வளவுதான். தமுக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "அது இதுல வரலியேம்மா" என்றார். பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

போனவர் அவள் புருஷன். எனக்கு மூத்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. சிப்பாயாகச் சேர்ந்து சைகோனில் இருந்தவர், திரும்பி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். மூன்று மாதம் ஊரில் இருந்தார். நிலத்தில் கால் பாவவில்லை என்று மறுபடியும் கிளம்பி பிரெஞ்சு தேசத்து மர்சேய் துறைமுகம் போய், சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலையில் சேர்ந்துவிட்டார். அந்தக் கப்பல் எஸ்பாஞ்சுக்குக் கோதுமை ஏற்றிப் போயிருக்கிறது. வில்லியனூர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மருமகனும் அதே கப்பலில் வேலை செய்தவன். ஊருக்கு வந்த அவன்தான், பாயை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னான். துறைமுகத்தில் குண்டு விழுந்து வீடுகள் எரிந்தனவாம். சரக்கை இறக்கிய மூத்தார் திரும்பக் கப்பலேறவில்லையாம். "ஊரு பத்திக்கிட்டு எரியறப்ப ஒரு கொடம் தண்ணிகூட ஊத்தாம எப்பிட்றா ஏறி வர்றது?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பாய் எழுந்து போகும்போது அக்காவைப் பார்த்து, "அல்லா காப்பாத்துவான் தங்கச்சி" என்றார். அவள் பக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான்.

என் மாமனார் கொம்யூன் கவுன்சிலில், நம் பஞ்சாயத்து மாதிரி, மெம்பர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் மதில்மேல் பூனைக்கே பாடம் எடுப்பார். தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா விடாமல் நச்சரித்ததால் ஒருநாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போனார். அங்கே ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து, என் மகன் இருக்கிறானா செத்தானா என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி தேனொழுகப் பேசினாராம். அந்தச் சண்டையில் நம் சர்க்காருக்குச் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாத இடத்தில் நம் குடிமகன் இருக்க நியாயமில்லை. இல்லாத ஒருவனை எப்படித் தேடுவது என்று கேட்டாராம். சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே மாமனார் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. "இன்னா மூள பாரு அவனுக்கு! ரெண்டு பக்கமும் பகையில்ல, நமக்கும் பாரமில்ல," என்றார். அக்கா சொம்பை நீட்டியபடியே நின்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. மாமனார் வாயால் ஒன்றும் உத்தரவு போடவில்லை. "சர்க்காரே கம்முனு இருக்கு, நாம இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். அது போதுமாக இருந்தது. அக்காவை யாரும் வாழாவெட்டி என்று சொல்லவில்லை, தாலி அறுத்தவள் என்றும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு அழைக்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாத்தனார் கல்யாணத்தில் மணமேடைக்கு முதல் விளக்கை மூத்த மருமகள்தான் எடுத்துவர வேண்டும். அந்த நேரம் பார்த்து, "நீ போயி சாம்பார் அடி புடிக்குதா பாரும்மா" என்று மாமியார் அவளை அனுப்பிவிட்டார். விளக்கை என் கையில் கொடுத்தார்கள். கோபத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புது மருமகளின் கோபத்துக்கு என்ன மரியாதை? அம்பலம் ஏறாது.

பிறகு ஆடியில் பதினெட்டாம் பெருக்கு வந்தது. அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய்ப் படைத்துவிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வோம். பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிற்றை மாமியார் கையால் கட்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். சங்கராபரணி ஆற்றில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். மூத்தவள் என்பதால் அக்கா முதலில் போய், கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமியார் முன் கழுத்தைக் குனிந்து உட்கார்ந்தாள். மாமியார் தட்டிலிருந்த கயிற்றைத் தொட்டார், எடுக்கவில்லை. "இருக்கட்டும்மா. ரெண்டுல ஒண்ணு தெரியட்டும்," என்றார். சுற்றி அத்தனை பெண்கள் இருந்தோம். அக்கா கழுத்தை நிமிர்த்தவே இல்லை. யாராவது கட்டிவிடுவார்கள் என்று காத்திருந்தாள் போல. "நான் கட்டட்டுமாக்கா?" என்று நான் குசுகுசுத்தேன். "சின்னவ கட்டக்கூடாதுடி, ஒனக்கு ஆவாது," என்றாள். பிறகு தட்டிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போய், தண்ணீர் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து தானே கட்டிக்கொண்டாள். முடிச்சு பின்கழுத்தில் சரியாக விழ வெகுநேரம் ஆனது.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான். பூ வாங்கினால் மாமியார் எங்களுக்குக் கிள்ளிக் கொடுப்பார். அவளுக்குக் கொடுக்கவும் மாட்டார், அவள் தானாக எடுத்துக்கொண்டால் தடுக்கவும் மாட்டார். அக்கா எடுத்துக்கொள்வாள். பத்துப் பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு பெண் அவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று நான் அங்கேதான் பார்த்தேன். திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டலாம். எல்லோரும் அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். மாட்டிடம்தான் அவள் அதிகம் பேசினாள்.

எஸ்பாஞ் சண்டை முடிந்தது. ஆட்சியில் இருந்தவர்களை எதிர்த்துக் கிளம்பிய சேனாதிபதிதான் ஜெயித்தார். மூத்தார் தண்ணீர் ஊற்றப்போன பக்கம் தோற்றுவிட்டது. ஜெயித்தவரை நம் சர்க்கார் ஒப்புக்கொண்டு, தூதரையும் அனுப்புகிறது என்று மேரியில், அதுதான் கொம்யூன் ஆபீசில், மாமனார் கேட்டுவந்து சொன்னார். அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இப்பப் பேச்சுவார்த்த வந்துட்ச்சே மாமா. இப்பக் கேக்கலாம் இல்ல?" என்றாள். மாமனார் வெற்றிலையை மென்று துப்பினார். "இப்பத்தாம்மா சிநேகமாயிருக்காங்க. ஒங்கள எதுத்துச் சண்ட போட்ட எங்காளு எங்கன்னு இப்பப் போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அக்கா, "அப்ப எப்பத்தான் மாமா கேக்கறது?" என்றாள். அவர் கொல்லைப்புறம் எழுந்துபோனார்.

அந்த வருஷமே பெரிய சண்டை மூண்டது. மறுவருஷம் பிரெஞ்சு தேசமே ஜெர்மன்காரனிடம் விழுந்துவிட்டது என்றார்கள். எந்தப் பக்கமும் சேராதிருந்த புதுச்சேரி சர்க்கார் இந்தத் தடவை ஜெர்மன்காரனை எதிர்த்து ஒரு பக்கம் சேர்ந்தது. அதே தமுக்குக்காரர், அதே தெருமுனை. தேசத்தைக் காப்பாற்றப் பட்டாளத்துக்கு வாருங்கள், வருகிறவர்களுக்கு மரியாதை உண்டு என்று கூவினார். அக்கா வாசல்படியில் நின்று கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். இந்த முறை எதிரே போய் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து, "அவுரு கொஞ்சம் முந்திக்கிட்டாருடி. அது ஒண்ணுதான் தப்பு," என்று என்னிடம் சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

இப்போது நான் பேத்தி வீட்டில் இருக்கிறேன். தொலைக்காட்சியில் தினம் எங்கோ ஒரு தேசத்தில் சொந்த ஜனங்களே வெட்டிக்கொள்கிறார்கள். யாரோ ஒரு மந்திரி கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, நிலைமையைக் கவனித்துவருகிறோம், எந்தத் தரப்பையும் ஆதரிக்கவில்லை என்கிறார். அரசாங்கத்துக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். அது தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஊரில் எந்த வீட்டில் எவள் யார் முன்னால் போய் நிற்கிறாளோ என்று நினைப்பேன். பேத்தி கேட்டால், ஒன்றுமில்லை, சேனலை மாற்று என்பேன்.

மாமனாரும் மாமியாரும் போன பிறகு, பிரெஞ்சுக்காரனும் மூட்டை கட்டிய பிறகு, ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். குளிப்பாட்டவந்த பெண்கள் தண்ணீரைக் காயவைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். அவர்களில் மூத்தவள் வாசலுக்கு வந்து கேட்டாள்: "மஞ்சத் தண்ணியா, வெறுந் தண்ணியா?" சுமங்கலியாக அனுப்புவதா, விதவையாக அனுப்புவதா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுக்குப் பெரியவராக அப்போது இருந்தவர் என் வீட்டுக்காரர்தான். "பெரியவங்க யாருனா சொல்லுங்க" என்று அவரே சொன்னார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"மஞ்சத் தண்ணி," என்றேன். உள்ளே போய் அவள் பெட்டியைத் திறந்து கூரைப்புடவையை எடுத்துவந்தேன். "அவுரு உசுரோட இருக்காருன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்குத் தெரியாது. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றேன். அம்மியில் மஞ்சளை நானே அரைத்துக்கொண்டு வந்தேன். குளிப்பாட்டிப் புடவை சுற்றி, தலை நிறையப் பூ வைத்துவிட்டு, குங்குமச் சிமிழைத் திறந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து, அவள் நெற்றியில் இன்னொருவர் கை பொட்டு வைத்தது அன்றைக்குத்தான்.