மழைக்குப் பத்தில் ஒன்று

குப்பைக் கிடங்கின் எடைமேடையில் பதினாறு வருடமாகத் தினக்கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாள். லாரிக்காரர்களுக்கு அவள் ‘தராசக்கா’. லாரி மேடை ஏறியதும் சுவரில் சிவப்பு எண் எரியும். வெறும் வண்டியின் எடையைக் கழித்து, மிச்சத்தைப் பேரேட்டில் எழுதுவாள். மழைக்காலத்தில் மட்டும் அதிலும் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பாள். நனைந்த குப்பை தண்ணீரையும் சேர்த்தல்லவா சுமந்து வரும்? தண்ணீரைக் குப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அந்த மேடையின் வழக்கம்.

அன்று காலை தலைநகரிலிருந்து திட்ட அதிகாரி வந்திருந்தாள். சின்ன வயசு. நாடு முழுக்கக் குப்பையைக் குறைத்து, கழித்ததை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவரும் பத்தாண்டுத் திட்டம் அவள் கையில் இருந்தது. இருபத்தாறு கிடங்குகளில் குப்பை குறைந்தது இங்கே மட்டும்தான்.

“எப்படிங்க சாதிச்சீங்க? இந்த ஊரை முன்மாதிரின்னு அறிக்கையில போடப் போறோம். உங்களையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேன்.”

வாசலில் நின்ற லாரிக்காரர் சிரித்தார். “கேட்டீங்களா தராசக்கா, ஜனங்க திருந்திட்டாங்களாம்! அதை என் வண்டிகிட்ட சொல்லுங்க. அது இன்னும் முக்கி முனகிக்கிட்டுத்தான் மேடேறுது.”

நிரந்தரம் என்ற சொல் தராசக்காவின் காதில் விழுந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. கணவர் தவறிப்போனதிலிருந்து எல்லாமே அப்படித்தான். சாப்பாடு தொண்டையில் இறங்கும், என்ன சாப்பிட்டோம் என்று தெரியாது.

பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவர் போனது அடைமழையில். அதற்குப் பிறகு ஏழு மாதம். ஒவ்வொரு வரியிலும் பத்தில் ஒன்று கழிந்திருந்தது, நேற்று சாயங்காலம் வரை.

“குறையலை மேடம்,” என்றாள். “மழைக்குப் பத்துல ஒண்ணு கழிப்போம். இந்த வருஷம் மழை நின்னதை நான் கவனிக்கலை.”

அதிகாரி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே புழுதி பறந்தது.

“ஏழு மாசமாவா?”

“ஆமா.”

“வீட்ல ஏதாவது...?”

“அவர் இல்ல.”

லாரிக்காரர் வாசலை விட்டு மெல்ல நகர்ந்துபோனார்.

“நிரந்தரத்தை விடுங்க, இருக்கிற வேலைக்கே ஆபத்து,” என்றாள் அதிகாரி, தாழ்ந்த குரலில். “நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“இருக்கிற எடையைத்தானே மேடம் எழுதணும்.”

அடுத்த லாரி ஹாரன் அடித்து மேடை ஏறியது. சிவப்பு எண் எரிந்தது. வெறும் வண்டியைக் கழித்தாள். பேனா பழக்கத்தில் அடுத்த கழித்தலுக்குப் போய், நின்றது. தலையைத் தூக்கி வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மிச்சத்தை அப்படியே எழுதினாள்.