ஏரியில் மூன்று வட்டம்

பட்டாளத்தில் எவன் ஊர் கேட்டாலும் "கன்னியாகுமரி" என்பேன். உடனே கேட்டவன் கண்ணில் அலை அடிக்க ஆரம்பித்துவிடும். மூன்று கடலும் சேரும் ஊர், தொட்டிலில் இருந்து நேரே கட்டுமரத்துக்கு இறங்கியவன் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொள்வான். நான் பிறந்தது அதே மாவட்டத்துக் குலசேகரத்தில். எனக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணமும், எண்ணி முடியாத ரப்பர் மரங்களும் உண்டு. பக்கத்தில் திற்பரப்பு அருவி இருக்கிறதே என்று கேட்கலாம். அருவியில் தலையைக் காட்டினால் போதும், நீந்த வேண்டாம். அதுதான் எனக்கு அருவியில் பிடித்த விஷயம்.

ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, படிவம் நிரப்பியவர் "நீச்சல் தெரியுமா?" என்ற கட்டத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்கவே இல்லை. ஊர்ப் பெயரைப் பார்த்தார், சிரித்தார், டிக் போட்டார். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த டிக்கோடு எனக்குக் கிடைத்த வண்டியோ, தண்ணீரில் போகிற வண்டி.

அதைக் காலாட்படைப் போர் வண்டி என்பார்கள். பார்க்கிறவர்கள் டாங்கி என்பார்கள். டாங்கி இல்லை. பின்னால் ஏழு வீரர்களை ஏற்றிக்கொண்டு சண்டை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் வேலை. மேலே சுழலும் கோபுரத்தில் ஒரு பீரங்கி, டாங்கியை அடிக்க ஏவுகணை, இருட்டில் பார்க்கும் கண்ணாடி, எல்லாம் உண்டு. இத்தனையும் சேர்ந்து சுமார் பதினாலு டன். மிதக்க வேண்டும் என்பதால் கவசத்தை அளவோடுதான் வைத்திருக்கிறார்கள். "குண்டுக்கும் பயப்படணும், வெள்ளத்துக்கும் பயப்படணும்" என்று நான் சொன்னபோது எல்லோரும் நகைச்சுவை என்று நினைத்தார்கள்.

தண்ணீரில் இறங்குமுன் அடித்தட்டின் திருகுமூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உள்ளே புகும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். அலை மேலே ஏறாமலிருக்க மூக்கின் முன்னால் ஒரு பலகையைத் தூக்கி நிறுத்த வேண்டும். பலகை நின்றதும் ஓட்டுநருக்கு எதிரில் இருப்பது தெரியாது. அதனால் அவன் தலைக்கு மேல் உயரமான பெரிஸ்கோப் ஒன்றை மாட்டுவார்கள். பிறகு துடுப்பெல்லாம் கிடையாது. தரையில் ஓடும் அதே சங்கிலிச் சக்கரம்தான் தண்ணீரையும் பின்னுக்குத் தள்ளும்.

வண்டிக்குத் தலைவரான சுபேதாருக்குக்கூட என் ரகசியம் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். கோபுரத்தில் பீரங்கி சுடுகிறவன், குளச்சல்காரன், மீன்பிடிக் குடும்பம். ஏரிப் பயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கையில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. என்னைத் திற்பரப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். அருவிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான குளம் ஒன்று உண்டு. இடுப்பளவு தண்ணீர்.

"சாடுலே."

"ஆழம் எவ்வளவு மக்கா?"

"ஒனக்க மானம் முங்குத ஆழம். சாடு."

குதித்தேன். கால் தரையிலேயே நின்றது. அதை எடுக்கச் சொன்னான். எடுத்தால் முங்கிவிடுவேனே என்றேன்.

"சுபேதாருட்ட உண்மையச் சொல்லிரு, கேட்டியா. ஒண்ணும் கொல்ல மாட்டாரு."

"வண்டிய வேற எவனுக்காச்சும் குடுத்துருவாரு."

அதுதான் என் பயம். சாவு இரண்டாவது. பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன் நான். என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அந்த வண்டியைச் சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்துவது. அந்த இருக்கை போனால் எனக்கென்று காட்ட ஒன்றும் கிடையாது.

ஏரி வந்தது. வடக்கே எங்கோ, எதிர்க்கரை ஒரு கோடாக மட்டும் தெரிகிற ஏரி. எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். தட்டையாகத்தான் இருக்கும். வெளியே வந்தபிறகு குழாயை வாயில் வைத்து ஊதிக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் ஊதவே கூடாது என்று சுபேதார் மூன்று முறை சொன்னார். ஏன் என்றும் சொன்னார். நான் அந்த நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேல் மூடியை அடைத்ததும் என் வாய் தானாகக் குழாயைத் தேடிப் போயிற்று. நன்றாக ஊதினேன். லாரி டியூப் மாதிரி ஆகும்வரை ஊதினேன்.

வண்டி இறங்கியது. தரை போய், அடியில் ஒன்றுமில்லாத ஒரு மெத்தை வந்தது. அப்போதுதான் சுபேதார் சொன்ன காரணம் எனக்கு விளங்கியது. அந்த இருக்கையில் இடது பக்கம் இரும்பு, வலது பக்கம் எஞ்சின் அறைத் தடுப்பு, நடுவில் நான் என்ற புட்டுக்குழாய்ப் புட்டு. சட்டை உப்பித் தாடையை மேலே தள்ளிவிட்டது. பெரிஸ்கோப்பில் கண் எட்டவில்லை. கூரையில் இருந்த ஒரு திருகுதான் தெரிந்தது. ஸ்டியரிங்கை, பைக் ஹேண்டில்பார் மாதிரி இருக்கும், இடதுபக்கம் திருப்பியிருந்தேன். முழங்கை சிக்கிக்கொண்டு அது திரும்பி வரமாட்டேன் என்றது.

வண்டி ஏரியில் வட்டம் போட்டது.

"எங்கே போறே?" தலைக்கவச ஸ்பீக்கர் வழியே காதில் சுபேதாரின் இந்தி. அதை நாகரிகமாக மொழிபெயர்த்திருக்கிறேன்.

"நேரா போறேன் ஸார்."

"அதே கரை ரெண்டாவது தடவை வருது!"

குளச்சல்காரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏலே மூதி, ஊதினியா?"

"கொஞ்சமா."

"காத்தத் தொறந்து விடுலே!"

வால்வை அமுக்கினேன். அது என் மைக்குக்கு நேர் கீழே இருந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம் வண்டிக்குள் எல்லோர் காதிலும் போயிற்று. சுபேதார் அலறினார். "ஓட்டை! தண்ணி ஏறுது! பம்பைப் போடு!" பின்னால் ஏழு பேரும் தட்டவும் கத்தவும் தொடங்கினார்கள். ஒருவன் சாமியைக் கூப்பிட்டான், இன்னொருவன் அம்மாவை. பம்ப் ஓடியது. வெளியே தள்ள உள்ளே தண்ணீரே இல்லை. மூன்றாவது வட்டம் முடியும்போது என் தாடை இறங்கியது, முழங்கை விடுபட்டது. வண்டியை நேரே புறப்பட்ட கரைக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்தியது என்னவோ நேர்த்தியாகத்தான்.

சுபேதார் இறங்கி, காற்றுப் போன என் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது ஸார்."

"கன்னியாகுமரி?"

"அதுல மலைப்பக்கம் ஸார்."

இருக்கை போயிற்று. மூன்று வாரம் கெடு. முகாம் நீச்சல்குளத்தை நீளவாக்கில் ஒரு தடவை கடந்தால் வண்டி எனக்கு, இல்லாவிட்டால் சமையல்கூடம். தினமும் விடிகாலையில் குளச்சல்காரன் என்னைத் தண்ணீரில் தள்ளினான். அவன் ஊர் மீன்களுக்குக்கூட அப்படி வசவு கிடைத்திருக்காது.

தேர்வன்று குதித்தேன். தலை மட்டும் வெளியே, மூக்கு வானத்தைப் பார்க்க, கால் அடியில் கண்டபடி உதற, போனேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறி வழி விட்டார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை, கருணைதான். மறுகரையைப் பிடித்துவிட்டேன்.

"இதுக்குப் பேர் நீச்சலா?" என்றார் சுபேதார்.

குளச்சல்காரன் விறைப்பாக நின்று இந்தியில் சொன்னான்: "ஸார், நம்ம வண்டியும் இப்படித்தான் போகுது. மூக்கத் தூக்கிட்டு, காலை உதறிட்டு. அதுக்குப் பாஸ் போட்டிருக்கோம்."

சுபேதார் என்னைப் பார்த்தார். சிரிக்காமலிருக்க மீசையைத் தடவினார். டிக் போட்டார். இந்தத் தடவை கேட்டுவிட்டு, பார்த்துவிட்டுப் போட்ட டிக்.

அடுத்த வாரம் அதே ஏரி. தட்டைச் சட்டை, தாடை கீழே, கண் பெரிஸ்கோப்பில். வண்டி நேராகப் போனது. எதிர்க்கரைச் சேற்றைச் சக்கரம் கவ்வியபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, மைக் இருந்ததால் கத்தவில்லை. இறங்கிப் போய்ப் பெருமையாகப் பின்கதவைத் திறந்தேன். ஏழு பேரும் சட்டை வாரை இறுக்கிக் கட்டி, ஊதுகுழாயை வாயில் வைத்தபடி, கதவோடு ஒட்டி ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுவது நான்தான் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.