மெத்தைக் கடைப் பள்ளிகொண்டான்

மெத்தைக் கடை விற்பனையாளர் காலணியைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். சட்டைப் பையில் இருக்கும் சாவிக்கொத்தை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு மெத்தையில் மல்லாந்து படுக்கிறார். "கையால அமுக்கிப் பார்த்தா மெத்தையப் பத்தி என்னங்க தெரியும்? முதுகைக் கொண்டாங்க. இப்படிப் படுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க" என்கிறார். கூரையைப் பார்த்தபடியே விலையும் சொல்கிறார். சொல்லிவிட்டு எழுந்திருக்க நான்கு தவணை ஆகிறது. முதலில் முழங்கை, பிறகு ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, கடைசியில் ஆள்.

எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் இதை ஏழு வருடமாகப் பார்க்கிறேன். அவர் ஆறடி உயரம், வாசலை அடைக்கும் தோள்கள். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறார் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து அவருக்குப் 'பள்ளிகொண்டான்' என்று பெயர் வைத்தோம். அதில் எனக்கும் பங்குண்டு. அவருக்கு வலி இருப்பது அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு வருடம் நான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வலி ஓரிடத்தில் இருந்தால் ஊர் நம்பும். இவருக்கு நேற்றுத் தோளில், இன்று தொடையில், நாளை எங்கே என்று அதற்கே தெரியாது. சட்டைக் காலரில் லேபிள் உறுத்துகிறது என்று எல்லாச் சட்டையிலும் அதைப் பிரித்துவிட்டார். எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு, அடித்துப் போட்டாற்போல எழுகிறார். சில நாள் புத்தி மங்கி, சொல் நாக்குக்கு வராமல், "அதாங்க, தலைக்கு வைப்பமே" என்று கையால் காட்டுவார். நாளைக்குப் பத்துத் தலையணை விற்கிறவர்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஆறாவது டாக்டர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். "மத்தவங்க காகிதத்தைப் பார்த்தாங்க சார். அவரு ஒருத்தர்தான் என்னைத் தொட்டுப் பார்த்தாரு." வியாதிக்குப் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிய ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். அங்கே இவருடைய மச்சான், "எனக்கும்தான் உடம்பு வலிக்குது. நான் என்ன தம்பட்டம் அடிச்சுக்கிட்டா திரியறேன்?" என்று ஒரே போடாகப் போட்டார். மனைவி நம்புகிறார். நம்பி நம்பி அவருக்கும் அலுத்துவிட்டது. காலையில் "இன்னைக்கு எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெந்நீர்ப் பையை நீட்டுவார்.

கடை முதலாளி தனி ரகம். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பேரே வாயில நுழையல. ஆளு மலை மாதிரி இருக்கே, உனக்கென்ன வலி?" என்றார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "வெளியில சொல்லித் தொலைக்காதே. மெத்தை விக்கிறவனுக்கே உடம்பு வலின்னா எவன் வாங்குவான்? ஒரு கஸ்டமர் காதுல விழுந்துச்சு, மறுநாளே குடோனுக்கு அனுப்பிடுவேன்" என்றார். இல்லாத வியாதிக்கு இவ்வளவு பயப்பட்டவரை நான் பார்த்ததில்லை. குடோன் என்றால் மெத்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறவேண்டும். இவர் ஒரு வாரம் தாங்கமாட்டார். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். அதனால் வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறப்பதில்லை. "பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிக்கப் பழகிட்டேன் சார். கஷ்டம் ஒண்ணுமில்ல, தாடைதான் வலிக்குது."

போன வாரம் ஒரு தலையணையை மாற்றிக்கொள்ள அங்கே போயிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். மூன்று வருடத்தில் இது நான்காவது மெத்தையாம். அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரல் அழுந்தாமல் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கணவர் கெட்டவராகத் தெரியவில்லை. சலித்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

"நீங்க எத்தனையோ பேரைப் பார்க்கிறவரு, நீங்களே சொல்லுங்க" என்றார் விற்பனையாளரிடம். "எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஆனா உடம்பு பூரா வலிங்கிறா. நம்பற மாதிரியா இருக்கு?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். முதலாளி நான்கடி தள்ளி ரசீது எழுதிக்கொண்டிருந்தார். சிரித்து மழுப்பிவிடு மனிதா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"நம்பற மாதிரிதாங்க இருக்கு. எனக்கும் அதேதான், ஆறு வருஷமா. இதுக்கு மெத்தையில மருந்து கிடையாதுங்க. இருக்கிற மெத்தையே போதும்."

முதலாளியின் பேனா நின்றது. அந்த அம்மா தலைநிமிர்ந்து, அந்த ஆறடி உருவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"எவ்வளவு நேரந்தான் நின்னுக்கிட்டே இருப்பீங்க? உட்காருங்க முதல்ல."

அவர் முதலாளி பக்கம் திரும்பவில்லை. உட்கார்ந்தார்.