நிழல் பக்கத்து ஜன்னல்

போன தை மாதம், சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காலை விமானம். எனக்கும் என் கணவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான்.

எனக்கு விழா இரண்டாம்பட்சம்தான். வழியில் நம் ஆரணி தெரியும் என்று சொல்லியிருந்தான். ஐம்பது வருடமாக அதன் தெருக்களில் நடக்கிறேன். ஊரின் முழு உருவத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியூரில் யார் கேட்டாலும் 'வேலூர் பக்கம்' என்று இன்னோர் ஊரின் கையைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தடவை அதைத் தனியாக, முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

"எந்தப் பக்கம் சீட்டும்மா?" என்று மகன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. காலையில் மேற்கே போகிற பஸ்ஸில் இடது பக்கம் வெயில் அடிக்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வலது பக்க ஜன்னலில்தான் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். "வலது பக்கம்" என்றேன், பெரிய விவரக்காரி மாதிரி.

மேலே ஏறிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் ஜன்னலில் நிழல் இருந்தது, ஊர் இல்லை. ஆரணி தெற்கே, வெயில் அடிக்கிற பக்கம்!

அந்தப் பக்க ஜன்னலில் ஒருவர் மறைப்பை இறக்கிவிட்டு லேப்டாப்பில் மூழ்கியிருந்தார். பெல்ட்டை அவிழ்த்து எழுந்தேன்.

"இன்னா பண்ற? குந்து. பேஜார் பண்ணாத." கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருங்க." உருவிக்கொண்டு போனேன். "சார், அதக் கொஞ்சம் தூக்குங்க. எங்க ஊரப் பாக்கணும், ஆரணி."

"ஆரணியா? அது எங்க இருக்கு?"

வேலூர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "உங்க ஜன்னலுக்குக் கீழ சார். ஜல்தி தூக்குங்க, போயிகினே இருக்குது."

முகம் சுளித்தபடி தூக்கினார். வெயில் அவர் மடியில் கொட்டியது. அதற்குள் பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். "மேடம், உட்காருங்க. வண்டி போகணும்."

"வண்டி நிக்கட்டும்மா. ஊரு நிக்காது."

குனிந்து பார்த்தேன். கண்ணாடிச் சில்லுகளாய் ஏரிகள். மணல் நிறத்தில் வளைந்து போகிற ஆறு. கரையோரம் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி கூரைகள். பட்டு நெசவுக்குப் பாவு நீட்டுகிற தெருக்களே நூல் நூலாகக் கிடந்தன. தறிச் சத்தம் இல்லை, அரிசி ஆலையின் இரைச்சல் இல்லை. என் ஊர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இறங்கியதும் கணவர் பிடித்துக்கொண்டார். "நீ பாத்தது பக்கத்து ஊரு செய்யாரா இருந்தா? இதுக்கா பிளேன் முழுக்க மானத்த வாங்கின?"

"ஆரணிதாங்க. எனக்குத் தெரியாதா?"

இன்றைக்கும் அவர் செய்யார் என்கிறார், நான் ஆரணி என்கிறேன். அத்தனை பேர் திரும்பிப் பார்க்க நடுவழியில் நின்று நான் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தை, மன்னிப்புக் கேட்டு யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.