நாற்பது எம்.பி.

பத்திரிகை வேலையை விட்டபின் டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். புரோகிராம்கள் எப்படி இயங்குகின்றன என்று எழுதிவைப்பது என் வேலை. எதிர் மேசையில் ஒரு திருநெல்வேலிப் பெண், காண்ட்ராக்ட் புரோகிராமர். முனிர்காவில் ஒற்றை அறை, பள்ளிக்குப் போகும் மகள், வேலை போன கணவன். அவளுடைய காண்ட்ராக்ட் மார்ச்சில் முடிகிறது. ஓய்வூதியப் பட்டியல் போடும் புதிய புரோகிராம் ஒழுங்காக ஓடினால்தான் நீட்டிப்பு.

அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் எங்கள் பெரிய கணினியில், மெயின்ஃப்ரேமில், ஒவ்வொரு புரோகிராமுக்கும் எவ்வளவு மெமரி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். குறைத்துக் கேட்டால் பாதியில் நின்றுவிடும். கூட்டிக் கேட்டால் மற்றவை காத்துக்கிடக்கும். கேட்கிற மெமரி சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குத் தூசு. அங்கே அதற்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

அவள் அளந்தாள். ஒரே சமயத்தில் எத்தனை பதிவுகள் உள்ளே நிற்கும், ஒரு பதிவின் நீளம் என்ன, அட்டவணைகள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கூட்டினாள். மாதிரித் தரவை ஓடவிட்டுச் சரிபார்த்தாள். கொஞ்சம் மிச்சமும் சேர்த்து நாற்பது மெகாபைட், நாற்பது எம்.பி. என்று வந்தது.

"எண்பதுன்னு போடும்மா. இங்கே எல்லோரும் அப்படித்தான்" என்றேன்.

"அளக்கத் தெரியாதவன்லா ரெண்டு மடங்கு போடுவான், அண்ணாச்சி."

அதிகாரி கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழர். தாளின் கடைசி வரியை மட்டும் பார்த்தார். நாற்பதை அடித்து இருபது என்று எழுதினார்.

"சார், அளந்து போட்டிருக்கேன்."

"அச்சா மேடம். எல்லாரும் டபுளாத்தான் போடுவாங்க, நான் ஆதா பண்ணுவேன். இத்தனை வருஷமா மெஷின் அப்படித்தானே ஓடுது?"

மாதக் கடைசியில் புரோகிராம் நடுவழியில் நின்றது. மெமரி போதவில்லை என்று திரையில் வந்தது. பழைய புரோகிராமை ஓட்டிச் சமாளித்தார்கள், ஓய்வூதியம் தாமதமானது. கூட்டக் குறிப்பில் "மதிப்பீட்டில் பிழை" என்று இருந்தது. யாருடைய மதிப்பீடு என்று இல்லை. செய்தி மேசையில் அந்த வாக்கியத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே அது கோப்பில் போய்ச் சேர்ந்தது. நீட்டிப்பு வரவில்லை.

ஏப்ரலில் அவள் இடத்துக்கு வந்தவர் எதையும் அளக்கவில்லை. அவளுடைய கணக்கை எடுத்தார், பக்கத்து மேசைகளில் விசாரித்தார், எண்பது என்று எழுதினார். அதிகாரி நாற்பதாக்கினார். அவள் எழுதிய அதே புரோகிராம் கடைசிவரை ஓடியது.

"தேக்கா? பாத்தீங்களா? எஸ்டிமேட்னா இப்படிப் போடணும்" என்றார் அதிகாரி எல்லோரிடமும். நானும் தலையாட்டினேன்.

அந்த வாரம் அவள் போன் செய்தாள்.

"ஓடிச்சா அண்ணாச்சி?"

"ஓடிச்சும்மா."

"எவ்வளவுல?"

சொன்னேன். பின்னால் பாத்திரங்களைக் கட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு எம்.பி. மிச்சம் இருந்திருக்கணுமே?"

திரையில் பார்த்தேன். ரெண்டுதான் இருந்தது. ஆமாம் என்றேன்.

"சரி அண்ணாச்சி. பாப்பாவுக்கு டி.சி. வாங்கியாச்சு. நாளைக்கு ரயிலு. வைக்கேன்."