மாமியாருக்கு ஒரு லாரி ட்யூப்

எங்கள் அக்கா பொன்னுத்தாயியைக் கட்டிய ரத்தினவேல் மாமாவுக்கு நீச்சல் தெரியாது. தெரியாதது ஒரு குற்றமில்லை. ஆனால் நீச்சல் தெரியாதவர் ஸ்ரீரங்கத்தில் வந்து பெண் எடுத்து, பெண் வீட்டிலேயே குடியும் இருப்பது, காரம் ஆகாதவன் மிளகாய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ரங்கநாதர், ஓரத்தில் நாங்கள். எங்கள் வீடு கொள்ளிடத்துப் பக்கம் வாழைக்கொல்லையை ஒட்டி இருக்கிறது. அம்மா இருசம்மாள் அந்தக் கொல்லையில் இலை அறுத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். தண்ணீரைக் கண்டு அவள் பயந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பெற்றதை நினைத்துத்தான் எப்போதாவது பயப்படுவாள்.

மாமாவுக்கு ஊர் விராலிமலைக்குத் தெற்கே. செம்மண் காடு. அங்கே மழை பெய்தால் ஜனங்கள் உள்ளே ஓட மாட்டார்கள், வெளியே வந்து நின்று பார்ப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் சைக்கிள் கடை வேலைக்கு வந்தவர், இப்போது காவேரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில் சொந்தமாக வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர். கடைக்குப் பின்னால் இருந்த ஒரே அறையையும் சைக்கிள்களுக்குக் கொடுத்துவிட்டதால் எங்கள் வீட்டோடு தங்கினார். கோபம் வந்தால் கத்த மாட்டார், சைக்கிள் பெல்லைத் துடைப்பார். அவர் கடையில் பெல் பளபளத்தால் வீட்டில் அன்று ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் ஆடியில் கொள்ளிடம் ஏறி எங்கள் அடுப்பங்கரைக்குள் கணுக்கால் அளவு வந்துவிட்டுப் போனது. எங்களுக்கு அது ஒரு விருந்தாளி. அம்மா ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். அக்கா குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. தண்ணீரை இரண்டு கையாலும் அடித்துச் சிரித்தது. மாமா ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக் கட்டில்மேல் ஏறியவர், சாயங்காலம் தண்ணீர் வடிகிறவரை இறங்கவில்லை.

"மாப்பிள்ளை, எறங்கி சாப்பிட்டுட்டாவது ஏறுங்க" என்றாள் அம்மா.

நான் சிரித்தேன். தெருவே வந்து எட்டிப்பார்த்துச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. தண்ணீர் போனபிறகு இறங்கி, சேறு படிந்த நிலைப்படியைக் காட்டி நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவை இதைத் தாண்டித் தண்ணி உள்ள வந்தா, பொன்னுத்தாயியையும் புள்ளையையும் கூட்டிட்டு எங்க ஊருக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

அக்காவைப் பார்த்தேன். "அவரு இருக்கற எடத்துலதானே நான் இருக்கணும்" என்றாள் அவள். அம்மா பாகற்காய் விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பாகற்காய் கசப்பு என்றாள்.

இந்த வருடம் ஆனி பிறந்ததுமே மாமா தயார் ஆக ஆரம்பித்தார். பரணில் அவல், வெல்லம், பொட்டுக்கடலை ஏறின. தீப்பெட்டிகளை மெழுகுத்துணியில் சுற்றி, அந்தப் பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை இன்னொரு துணியில் சுற்றினார். கடைசியில் எந்தப் பொட்டலத்தில் தீப்பெட்டி என்று அவருக்கே மறந்துவிட்டது. அடுப்புப் பற்றவைக்க அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய்த் தணல் வாங்கி வந்தாள். குழந்தையின் சட்டைகள், காய்ச்சல் மாத்திரை, அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய் எல்லாம் மேலே போய்விட்டன. கீழே நாங்கள் மட்டும் இருந்தோம்.

பிறகு ட்யூப். தென்னூரில் பழைய டயர் வியாபாரம் செய்கிற கியாசுதீன் பாயிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"லாரி ட்யூப் வேணும் பாய். நாலு."

"மாஷா அல்லா. லாரி எப்ப வாங்குனே?"

"லாரி இல்ல பாய். வீட்டுக்கு. எனக்கு, பொண்டாட்டிக்கு, மாமியாருக்கு, இந்தப் பயலுக்கு."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் மெதப்பான். தலையில ஒண்ணும் இல்ல. மூணு எடுத்துக்க."

மாமா நான்கும் வாங்கினார். எனக்கு நீச்சல் தெரியும் என்று வழியெல்லாம் சொன்னேன். "வெள்ளத்துல தெரியறது வேற" என்றார். ட்யூப்களுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, ஆள் ஆளுக்கு உள்ளே நிற்கவைத்து அளவு பார்த்தார். அம்மா மட்டும் நுழைய மறுத்துவிட்டாள்.

"செத்த லாரியோட கொடலுக்குள்ள நான் நிக்கணுமாக்கும்."

"உயிர் முக்கியங்க அத்தை."

"மானமும் முக்கியம் மாப்பிள்ளை. தண்ணி முழங்காலுக்கு வரும். இது என் இடுப்புல மாட்டிக்கிட்டா எறங்காது. வெள்ளம் வடிஞ்சப்புறம் இதோடவே எலைக்கட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

மாமாவுக்கு எங்களைப் புரியவே இல்லை. அதைவிடப் புரியாதது ஆடிப்பெருக்கு. வெள்ளம் வருகிறது என்று ஒரு மனுஷன் பரணில் அவல் ஏற்றுகிறான். அதே வெள்ளத்துக்கு ஊரே மஞ்சள் கயிறும் காதோலையும் கருகமணியும் வாங்கி வைக்கிறது, கட்டுச்சோறு கட்டுகிறது. "காவேரி இப்ப மசக்கைக்காரி மாப்பிள்ளை. புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் கேப்பா" என்று அம்மா விளக்கினாள். "சாப்பாடு போட்டுக் கூப்பிட்டா வரத்தானே செய்வா. வந்தப்புறம் எதுக்குப் பயப்படறது?" மாமா யோசித்தார். "நான் கூப்பிடலையே அத்தை" என்றார்.

அவர் கண்டுபிடித்த வழி இது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு படியின் ஓரத்தில் சைக்கிளுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார். தினமும் கடை திறக்கிறபோதும் மூடுகிறபோதும் போய்ப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்கு மேல் வந்தால் அபாயம். காவேரி ஏறினால்தான் கொள்ளிடமும் ஏறும் என்பது அவர் கணக்கு. ஆடி பதினெட்டு அன்று ஆறு நிறையச் சிவந்த தண்ணீர் ஓடியது. ஆனால் கோடு தெரிந்தது. ஊர் முழுக்கப் படித்துறையில்தான். மாமா கோட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி, இரண்டு மணி. தண்ணீர் ஏறவே இல்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியதை நான் அன்றுதான் பார்த்தேன். குழந்தைக்குக் காவேரியைக் காட்டி, "கும்பிடு சாமி" என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போயி பரண்ல இருக்கற அவலையும் வெல்லத்தையும் எடுத்துட்டு வா. எல்லாருக்கும் கலந்து குடுப்போம். இனிமே அது எதுக்கு" என்றார்.

போனேன். பரணில் ஏற முடியவில்லை. ஏணி கொல்லைப்பக்கம் மிதந்துகொண்டிருந்தது.

கொள்ளிடம் வாழைக்கொல்லையைத் தாண்டி வந்து எங்கள் நிலைப்படியையும் தாண்டி, அடுப்புக்குள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றேன். வெளியே தள்ளிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு முறத்தை எடுத்துத் தள்ளியும் பார்த்தேன். முறத்தால் ஆற்றைத் தள்ளியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாரும் திரும்பி வந்தபோது மாமா வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கோபமே இல்லை. கணக்கு விடை தப்பாக வந்த பையன் மாதிரி இருந்தார்.

"காவேரி ஏறலையே. நான் பாத்துட்டேதான் இருந்தேன். இது எங்கேருந்து வந்துச்சு?"

"மேலணையில காவேரிக்கு அதிகமா வர்றதைக் கொள்ளிடத்துல திருப்பி விட்டுடுவாங்க மாப்பிள்ளை. அதான் அங்க ஏறல" என்றாள் அம்மா.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கு யாரும் சொல்லலையே."

எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை. அவர் கோடு போடுவதைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பு வந்ததே தவிர, சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தண்ணீர் முழங்காலோடு நின்றது, ட்யூப்களுக்கு வேலை வரவில்லை. மறுநாள் வடிந்தது. அதற்கு மறுநாள் அக்கா தலையில் ஒரு மூட்டையும் மாமா தோளில் குழந்தையுமாக விராலிமலை பஸ் ஏறிவிட்டார்கள். கடைச் சாவியைப் பக்கத்து வெற்றிலைக்கடையில் கொடுத்திருந்தார். அம்மா வாசலுக்கு வரவில்லை. சுவரில் இருந்த சேற்றைக் கழுவுகிறேன் என்று உள்ளேயே இருந்தாள். கழுவின இடத்தையே கழுவினாள்.

ஆவணி பாதியில் அம்மா ஒரு தார் பூவன்பழத்தை என் தலையில் ஏற்றி, "சும்மா பாத்துட்டு வா" என்றாள். சும்மா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கண் திறக்கவில்லை என்று ஒரு பொய்யை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேட்ட எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் ஊரில் மாமா வேறு ஆளாக இருந்தார். புளியமரத்தடியில் பஞ்சர் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, சட்டை இல்லாமல், விசிலடித்துக்கொண்டிருந்தார். மாமா விசிலடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. "வாடா வா" என்று தாரை இறக்கினார். இவரிடம் போய் எப்படிப் பொய் சொல்வது? வாயில் வைத்திருந்த பொய்யை அப்படியே முழுங்கினேன். அவர் சந்தோஷமாக இருக்கிறார், அக்கா எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் பொன்னுத்தாயி தம்பியா? உள்ள போயி பாரு சாமி. டம்ளர், கிண்ணி எல்லாத்துலயும் தண்ணி ரொப்பி மூடி வச்சிருக்கா. பந்திக்கு எலை போடறதுதான் பாக்கி." அவள் சிரிக்க, கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மாமாவும் லேசாகச் சிரித்தார்.

உள்ளே போனால் நிஜந்தான். சுவரோரம் வரிசையாகப் பாத்திரங்கள். ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு, சந்தனக் கிண்ணம், எல்லாவற்றிலும் தண்ணீர். மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. அக்கா கறுத்திருந்தாள். இடுப்பில் குடம் பதிந்த இடம் காய்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கத் திரும்பியவள், எந்தப் பாத்திரத்திலிருந்து எடுப்பது என்று தெரியாமல் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரம் குழந்தை தத்தித்தத்தி வந்து ஒரு டம்ளரைத் தட்டிவிட்டது. தண்ணீர் மண்தரையில் ஓடி உறிஞ்சிப் போய்விட்டது. குழந்தை ஈரத்தை இரண்டு கையாலும் அடித்துச் சிரித்தது. அக்கா பளீரென்று அதன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா யாரையும் அடிப்பவள் இல்லை. என்னையே அடித்ததில்லை, அடிக்க எவ்வளவோ காரணம் இருந்தும். குழந்தை அழக்கூட மறந்து அவளைப் பார்த்தது. அவள் தன் கையைப் பார்த்தாள்.

மாமா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையைப் பார்த்தார். கடைசியில் இருந்த ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்தார். அதிலும் தண்ணீர்தான்.

"இது எதுக்கு?"

"கெணறு வத்திட்டா பாப்பாவுக்கு."

"வத்தாது பொன்னுத்தாயி. எங்க தாத்தா காலத்துலேருந்து வத்தினதில்ல. அடியில ஊத்து இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதுல்ல" என்றாள் அக்கா. "வாளி கெணத்துத் தரையில இடிக்கற சத்தம் தினமும் கேக்குது. கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்களும் சிரிக்கறீங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார். பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார். ரொம்ப நேரம் அதையே செய்தார். எனக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்து அவர்களைச் சிரிக்கவைக்கலாமா என்று இருந்தது. செய்யவில்லை.

"துணியெல்லாம் எடுத்து வை" என்றார் கடைசியில். "பஸ் வர்ற நேரம்."

"எங்க?"

"உங்க ஊருக்குத்தான்."

மூட்டை கட்ட நேரம் ஆகவில்லை. தண்ணீர்தான் நேரம் எடுத்தது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, அந்த ஊரில் கீழே கொட்டவும் முடியாது. அக்கா வெள்ளையம்மாளைக் கூப்பிட்டாள். அவள் தெருவைக் கூப்பிட்டாள். பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். அக்கா ஒவ்வொரு டம்ளராக எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஒவ்வொரு குடத்திலும் ஊற்றினாள். நடுவில் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மாமா அவசரப்படுத்தவில்லை. ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அவளிடம் எடுத்துக் கொடுத்தார்.

"ஏன் ரத்தினவேலு, வெள்ளம் வர்ற வீட்டுக்கா புள்ளையைத் தூக்கிட்டுப் போறே? பயமா இல்ல?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

"இருக்கு" என்றார் மாமா.

"அப்புறம் ஏன் போறே?"

மாமா என்னைப் பார்த்தார், நான் ஏதோ பதில் வைத்திருப்பேன் என்பதுபோல. நான் காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்றார்கள். அதுவரை புளியமரத்தடியில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன தாரிலிருந்து ஆளுக்கு இரண்டு பழமாகத் தின்றோம்.